ஊசியும் ஜெட்டும்: பழைய கார் எஞ்சினில் கார்புரேட்டரைச் சீரமைத்தல்

பெட்ரோல் எஞ்சினின் திறன் அது குடிக்கும் பெட்ரோலின் அளவை மட்டும் பொறுத்ததன்று. அந்தப் பெட்ரோலுடன் எவ்வளவு காற்று கலந்து சிலிண்டருக்குள் நுழைகிறது என்பதையும் அதே அளவுக்குப் பொறுத்தது. ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமின்றி எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். கன அளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டருக்கும் மேற்பட்ட காற்று தேவைப்படுகிறது. பெட்ரோல் இந்த விகிதத்தைவிடச் சற்றுக் கூடி, ஒரு பங்குக்கு 12.5 முதல் 13 பங்கு வரை காற்று இருக்கும்போது எஞ்சின் தன் உச்சத் திறனைக் காட்டுகிறது. காற்று கூடி விகிதம் 15.5 அல்லது 16 ஆகும்போது எரிபொருள் மிகவும் சிக்கனமாகச் செலவாகிறது. முதல் வகையைச் செறிவான கலவை என்றும் இரண்டாவதை மெலிந்த கலவை என்றும் கூறலாம்; பட்டறைகளில் இவை ரிச், லீன் என்று வழங்குகின்றன. மின்சாரமோ கணினியோ இல்லாமல், காற்றழுத்த வேறுபாட்டை மட்டும் கொண்டு இந்த விகிதத்தை நொடிக்கு நொடி காத்துத் தரும் அளவைக் கருவியே கார்புரேட்டர். அதை ஓர் அளவைக் கருவியாகக் காண்பவருக்கே அதன் சீரமைப்பும், அதை மாற்றுவதால் வரும் லாப நட்டமும் தெளிவாக விளங்கும்.

இந்தக் கருவியின் முன் உள்ள பணி எவ்வளவு கடினமானது என்பதை ஒரு குறிப்பிட்ட எஞ்சினை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை உருவான எம்.ஜி.பி. என்னும் இரு இருக்கை விளையாட்டுக் கார், 1798 சி.சி. கொள்ளளவு கொண்ட பி-வரிசை எஞ்சினால் இயங்கியது. அதன் திறன் நிமிடத்துக்கு 5400 சுழற்சி வேகத்தில் 95 குதிரைத்திறன். நான்கு வீச்சு எஞ்சின் தன் முழுக் கொள்ளளவுக் காற்றை இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை உள்ளிழுக்கும் என்பதால், சிலிண்டர்கள் ஐந்தில் நான்கு பங்கு நிரம்புவதாகக் கொண்டாலும், உச்ச வேகத்தில் நொடிக்குச் சுமார் 65 லிட்டர் காற்று கார்புரேட்டர்கள் வழியே பாய்கிறது. அதற்கு 6 கிராம் அளவில் பெட்ரோல் வேண்டும். அதே எஞ்சின் வண்டி நிற்கும்போது 800 சுழற்சியில் ஐட்லிங் செய்கையில் நொடிக்கு மூன்று அல்லது நான்கு லிட்டர் காற்றும் 0.3 கிராம் பெட்ரோலும் போதும். ஏறத்தாழ இருபது மடங்கு விரியும் இந்த வீச்சு முழுவதிலும், ஓட்டுநர் மிதியை அழுத்தும் கணத்திலும் விடும் கணத்திலும், விகிதம் பிசகாமல் இருக்க வேண்டும்.

குழாயின் ஒரு பகுதியைக் குறுக்கினால் அவ்விடத்தில் காற்று வேகமெடுத்து அழுத்தம் குறைகிறது. டேனியல் பெர்னூலி 1738-இல் வெளியிட்ட பாய்ம இயக்கவியல் நூலும், இத்தாலிய இயற்பியலாளர் வெஞ்சுரி 1797-இல் வெளியிட்ட ஆய்வும் இந்த விளைவுக்கு அடிப்படை அமைத்தன. குறுகிய பகுதிக்கு வெஞ்சுரி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அழுத்தம் குறைந்த அந்த இடத்தில் ஒரு சிறு துளையைத் திறந்து வைத்தால், பக்கத்துக் கிண்ணத்தில் வெளிக்காற்றின் அழுத்தத்தில் நிற்கும் பெட்ரோல் துளை வழியே காற்றோட்டத்துக்குள் தள்ளப்படுகிறது. கிண்ணத்தில் மிதக்கும் ஃப்ளோட் பெட்ரோலின் மட்டத்தை மாறாமல் வைத்திருக்கிறது. அந்தச் சிறு துளை அளவு குறித்து இடப்பட்ட பித்தளைத் திருகுக்கு ஜெட் என்று பெயர். ஆனால் வெஞ்சுரியின் அளவும் ஜெட்டின் அளவும் மாறாதிருந்தால், வேகம் கூடக்கூடக் கலவை செறிந்துகொண்டே போகும்; வேகம் குறையும்போதோ பெட்ரோலை இழுக்கப் போதிய அழுத்தக் குறைவே உண்டாகாது. இந்த இரண்டு குறைகளையும் நீக்கும் வழிகளில்தான் கார்புரேட்டர் வடிவமைப்பு இரு பெரும் பள்ளிகளாகப் பிரிந்தது.

எதுவார்தோ வெபர் 1923-இல் இத்தாலியின் பொலோனியாவில் தொடங்கிய நிறுவனத்தின் கார்புரேட்டர்களும், பிரெஞ்சு சோலெக்ஸும் முதற்பள்ளியைச் சேர்ந்தவை. இவற்றில் வெஞ்சுரி மாறுவதில்லை. அதன் குறைகளை ஈடுசெய்யத் தனித்தனிச் சுற்றுகள் சேர்க்கப்படுகின்றன. ஐட்லிங்குக்கு ஒரு சிறு ஜெட், அதிலிருந்து முதன்மை ஜெட்டுக்கு மாறும் இடைவெளியை நிரப்ப, மிதியை அழுத்தும்போது காற்றின் வழியைத் திறக்கும் த்ராட்டில் தகட்டின் ஓரத்தில் சில நுண்துளைகள், உயர்வேகத்தில் கலவை செறிந்துவிடாமல் பெட்ரோலுடன் முன்கூட்டியே காற்றைக் குமிழிகளாகக் கலக்கும் துளையிட்ட குழல், மிதியைச் சட்டென அழுத்தும்போது கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சும் சிறு பம்பு என்று ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் வேலை செய்கிறது. ஒவ்வொன்றையும் கழற்றி வேறு அளவு போட முடியும் என்பதே பந்தயக்காரர்கள் வெபரை விரும்பியதற்குக் காரணம். ஜெட்டின் மேல் பொறித்த எண் அதன் துளை விட்டத்தை மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கு அளவில் குறிக்கிறது. 150 என்ற ஜெட்டை எடுத்துவிட்டு 155 போட்டால் துளையின் பரப்பு ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும்.

இரண்டாம் பள்ளியின் தலைசிறந்த எடுத்துக்காட்டு எம்.ஜி.பி.யில் இரட்டையாக அமர்ந்திருந்த எஸ்.யு. கார்புரேட்டர். காலணி வணிகக் குடும்பத்தில் பிறந்த ஸ்கின்னர் சகோதரர்கள் இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் உருவாக்கி, 1910-இல் நிறுவனமாக்கி, 1926-இல் கார் உற்பத்தியாளர் வில்லியம் மாரிஸிடம் விற்ற இந்த வடிவமைப்பு, வெஞ்சுரியின் அளவையே காற்றின் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்கிறது. காற்றுக் குழாயின் குறுக்கே மேலும் கீழும் நகரும் பிஸ்டன் ஒன்று மணி வடிவ அறைக்குள் ஏறி இறங்குகிறது. பிஸ்டனுக்கும் த்ராட்டில் தகட்டுக்கும் இடையே உண்டாகும் அழுத்தக் குறைவு, பிஸ்டனின் அடியிலுள்ள துளை வழியே மேலறைக்குச் சென்று பிஸ்டனை மேலே தூக்குகிறது. பிஸ்டன் உயர்ந்ததும் வழி அகன்று அழுத்தக் குறைவு தணிகிறது. பிஸ்டனின் எடையும் அதன் மேலுள்ள சுருள்வில்லும் அழுத்தக் குறைவுடன் சமன்பட்ட உயரத்தில் பிஸ்டன் நிற்கிறது. ஆகையால் எஞ்சின் நொடிக்கு 4 லிட்டர் இழுத்தாலும் 60 லிட்டர் இழுத்தாலும் ஜெட்டின் மேல் பாயும் காற்றின் வேகமும் அங்குள்ள அழுத்தமும் ஏறத்தாழ மாறாமல் இருக்கின்றன. அடிப்படைச் சிக்கலை அதன் வேரிலேயே தீர்த்துவிட்ட இந்த எளிமை பொறியியலின் அழகிய தீர்வுகளில் ஒன்று.

பெட்ரோலை அளப்பது பிஸ்டனின் அடியில் பொருத்திய கூம்பிச் செல்லும் பித்தளை ஊசி. அது 0.090 அங்குலம், அதாவது 2.29 மி.மீ. விட்டமுள்ள ஜெட்டுக்குள் இறங்கி நிற்கிறது. பிஸ்டன் உயரும்போது ஊசியின் மெல்லிய பகுதி ஜெட்டின் வாய்க்கு வந்து, இரண்டுக்கும் இடையிலுள்ள வளைய இடைவெளி பெரிதாகிறது. ஊசியின் விட்டம் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்கு ஒரு முறை தனித்தனியே வரையறுக்கப்பட்டிருப்பதால், ஒரே அளவு ஜெட்டுக்கு நூற்றுக்கணக்கான ஊசிகள் உண்டு. அவற்றின் வேறுபாடு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு கணக்கு: ஊசியின் விட்டம் 0.085 அங்குலமாக உள்ள இடத்தில் அதை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும், மனிதத் தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு, குறைத்தால் வளைய இடைவெளி 19 விழுக்காடு பெருகுகிறது. ஆண்டுக்கணக்கில் ஊசி உரசி ஜெட் அதே அளவு தேய்ந்தாலும் விளைவு அதுவே. பழைய கார் ஒன்று கறுப்புப் புகை விட்டுப் பெட்ரோலை வாரிக் குடிப்பதற்கு இந்தக் கண்ணுக்குத் தெரியாத தேய்மானமே பெரும்பாலும் காரணமாகிறது. கார்புரேட்டர் காலாவதியாகிவிட்டது என்று அதைத் தூக்கி எறிவோர் இதை அறிவதில்லை.

கார்புரேட்டரை மாற்றினால் திறன் கூடுமா என்ற கேள்விக்கு விடை, எஞ்சினின் மூச்சைத் தடுத்து நிறுத்துவது எது என்பதில் இருக்கிறது. அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட எம்.ஜி.பி. கார்களில் 1975 முதல் இரட்டை எஸ்.யு.வுக்குப் பதிலாக ஒரே ஒரு ஜெனித்-ஸ்ட்ரோம்பெர்க் கார்புரேட்டர் பொருத்தப்பட்டது. புகைக் கட்டுப்பாட்டுக்கான பிற மாற்றங்களும் சேர்ந்து திறன் 70 குதிரைத்திறனுக்கும் கீழே இறங்கியது. அத்தகைய காரில் இரட்டை எஸ்.யு.வையும் அதற்குரிய உள்ளிழு, வெளியேற்றக் குழாய்களையும் மீண்டும் பொருத்துவோர் உண்மையான பயனைக் காண்கிறார்கள், ஏனெனில் அங்கே தடையாக இருந்தது அந்தப் பகுதிதான். எனினும் கலிபோர்னியா மாநிலத்தில் 1976-ஆம் ஆண்டு மாடல் முதல் கார்கள் புகைச் சோதனைக்கு உட்பட்டவை என்பதால், அங்கே இந்த மாற்றம் சட்டத்தோடு மோதும்.

மற்ற எம்.ஜி.பி.களில் நிலைமை வேறு. பி-வரிசை எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டில் நான்கு சிலிண்டருக்கு நான்கு உள்ளிழு வழிகள் இல்லை. முதலாவதும் இரண்டாவதும் ஒரு வழியையும், மூன்றாவதும் நான்காவதும் இன்னொரு வழியையும் பகிர்ந்துகொள்கின்றன. எரியும் வரிசை 1-3-4-2 என்பதால், 3-ஆம் சிலிண்டர் இழுத்த உடனேயே அதே வழியில் 4-ஆம் சிலிண்டர் இழுக்கிறது. பிறகு 2-ஆம் சிலிண்டரும் அதைத் தொடர்ந்து 1-ஆம் சிலிண்டரும் மற்ற வழியில் இழுக்கின்றன. ஒவ்வொரு வழியிலும் அரைச் சுழற்சி இடைவெளியில் அடுத்தடுத்து இரண்டு இழுப்புகள், பிறகு ஒன்றரைச் சுழற்சிக்கு வெறுமை. உள்ளிழு வால்வு அரைச் சுழற்சியைவிட நீண்ட நேரம் திறந்திருப்பதால், முதல் சிலிண்டரின் இழுப்பு முடிவதற்குள் இரண்டாவது தொடங்கி, ஒன்று மற்றொன்றின் பங்கில் கைவைக்கிறது. இந்தியச் சாலைகளில் பல பத்தாண்டுகள் ஓடிய அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் இதே பி-வரிசையைச் சேர்ந்ததால், அதற்கும் இந்தக் கட்டுப்பாடு உண்டு.

சிலிண்டருக்கு ஒரு தனி வெஞ்சுரி என்பதே இரட்டைக் குழல் வெபர் கார்புரேட்டரின் பெரும் சிறப்பு. லோட்டஸின் 1558 சி.சி. எஞ்சினிலும் ஆல்ஃபா ரோமியோவின் எஞ்சின்களிலும் நான்கு வழிகளுக்கு நான்கு குழல்கள் என இரண்டு வெபர்கள் அமர்ந்து அந்தச் சிறப்பை முழுமையாக வெளிப்படுத்தின. பகிர்ந்த வழிகள் கொண்ட பி-வரிசையில் அதற்கு இடமே இல்லை. ஒரே ஒரு 45 டி.சி.ஓ.இ. வெபரை வைத்து, வழிக்கு ஒரு குழல் என்று பொருத்துவதே அங்கு வழக்கம். கேம் தண்டை மாற்றி, வால்வுகளைப் பெரிதாக்கி, உயர்வேகத்தில் மட்டும் ஓட்டப்போகும் பந்தய எஞ்சினில் அது பலன் தரும். அன்றாடம் ஓட்டும் காரிலோ, பெரிய வெஞ்சுரியில் காற்று மெல்லப் பாய்வதால் அழுத்தக் குறைவு போதாமல் குறைவேகத்தில் எஞ்சின் திணறுகிறது. பெட்ரோல் செலவு கூடுகிறது. ஜெட்டுகளைச் சரியாகத் தேர்ந்தெடுக்கப் பல மணி நேரச் சோதனை தேவைப்படுகிறது. விலை கொடுத்து வாங்கிய பளபளப்பான கார்புரேட்டர் எஞ்சினின் இயல்பை மாற்றிவிடும் என்ற நம்பிக்கைக்கு இயற்பியலில் ஆதாரம் இல்லை.

சீரமைப்புக்கு வந்தால், கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவை பல. வால்வு இடைவெளி, பிளாட்டினம் பாயின்ட்டின் இடைவெளி, தீப்பொறியின் டைமிங், பிளக்குகள், சிலிண்டர்களின் அமுக்கம் ஆகிய எல்லாம் சரியாக இருக்க வேண்டும். எம்.ஜி.பி.யில் முதல் இரண்டின் இடைவெளியும் 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. டைமிங் பின்தங்கிய எஞ்சினில் கலவையை மாற்றிக்கொண்டே இருப்பது, ஒரு பிழையை இன்னொரு பிழையால் மறைப்பதாகவே முடியும். அடுத்து, த்ராட்டில் தகட்டைத் தாங்கும் ஸ்பிண்டில் என்னும் தண்டு தன் துளைக்குள் ஆடுகிறதா என்று விரலால் அசைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆட்டத்தின் இடுக்கு வழியே அளவைக்கு உட்படாத காற்று நுழைந்தால், ஐட்லிங்கில் கலவை மெலிந்து, எந்தத் திருகாலும் அடங்காத தடுமாற்றம் உண்டாகும். புதிய ஸ்பிண்டிலும் புஷ்ஷும் போட்ட பிறகே மற்றவற்றுக்குப் பொருள் உண்டு.

எஸ்.யு. கார்புரேட்டரின் பிஸ்டன் தங்குதடையின்றி இறங்குவது அடுத்த சோதனை. அதைப் பக்கவாட்டிலுள்ள தூக்கு முளையால் தூக்கி விட்டால், அடியிலுள்ள மேடையில் மோதும் மெல்லிய உலோக ஒலி கேட்க வேண்டும். ஒலி மழுங்கியிருந்தால் ஊசி ஜெட்டில் உரசுகிறது என்று பொருள். நிலையான ஊசி கொண்ட பழைய வகையில் ஜெட்டின் தாங்கியைத் தளர்த்தி நடுப்படுத்தி மீண்டும் இறுக்க வேண்டும். பிஸ்டனும் அதன் மணி அறையும் ஒன்றுக்கொன்று பொருந்தச் செதுக்கப்பட்டவை என்பதால், இரண்டு கார்புரேட்டர்களின் பாகங்களைக் கழுவும்போது மாற்றி வைத்துவிடக் கூடாது. பிஸ்டனின் நடுக்குழலில் நிற்கும் டேம்பர் ஆயிலுக்கும் ஒரு முக்கியப் பணி இருக்கிறது: மிதியை அழுத்தும்போது பிஸ்டன் சட்டென உயராமல் அது தடுப்பதால், ஒரு கணம் அழுத்தக் குறைவு கூடி, வேகமெடுக்கத் தேவையான செறிவான கலவை கிடைக்கிறது. வெபரில் ஒரு பம்பு செய்யும் வேலையை இங்கே சில துளி ஆயில் செய்துவிடுகிறது. ஆயில் வற்றினால் வண்டி மிதிக்கும்போதெல்லாம் தயங்கும்.

எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின், திறந்த வெளியில், இரண்டு கார்புரேட்டர்களையும் சமப்படுத்த வேண்டும். மூடிய கொட்டகையில் புகையின் கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்து. இரண்டையும் இணைக்கும் தண்டின் பிடிப்பைத் தளர்த்தி, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் வைத்துக் கேட்டால் காற்றின் சீற்றம் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். காற்றோட்ட மானி இருந்தால் இன்னும் துல்லியமாக அளக்கலாம். அதன் பின்னரே கலவை. ஜெட்டின் அடியிலுள்ள ஆறு முகத் திருகை, ஜெட் மேடையின் மட்டத்துக்கு வரும்வரை ஏற்றி, பிறகு இரண்டு முழுச் சுற்று, அதாவது 12 முகம், இறக்குவது தொடக்க நிலை. பிறகு பிஸ்டனை ஏறத்தாழ 0.8 மி.மீ. மட்டும் தூக்கி எஞ்சினின் ஒலியைக் கவனிக்க வேண்டும். வேகம் கூடி அப்படியே நின்றால் கலவை செறிவு; உடனே தளர்ந்தால் மெலிவு; ஒரு கணம் மிகச் சிறிதளவு கூடிப் பழைய வேகத்துக்குத் திரும்பினால் சரி. ஒரு முறைக்கு ஒரு முகம் என்றே திருக வேண்டும். அவசரம் இங்கே உதவாது. ஒரு கார்புரேட்டரின் திருத்தம் மற்றதன் பங்கையும் பாதிப்பதால், இரண்டையும் மாறிமாறிச் சரிபார்த்து, முடிவில் சமநிலையை மீண்டும் ஒரு முறை பார்ப்பது அவசியம்.

ஜெட்டின் ஆறு முகத் திருகு ஐட்லிங்கில் காட்டும் விளைவு உயர்வேகத்தில் அவ்வளவு தெரிவதில்லை, ஏனெனில் பிஸ்டன் உயர்ந்த நிலையில் வளைய இடைவெளி பெரிதாகிவிட, அதே அளவு இறக்கம் அதில் சிறு பங்காகிவிடுகிறது. ஐட்லிங் சரியாகவும் மேட்டில் ஏறும்போது மெலிவாகவும் இருந்தால் ஊசியைத்தான் மாற்ற வேண்டும். எம்.ஜி.பி.யில் உள்ள எச்.எஸ்.4 வகை எஸ்.யு. கார்புரேட்டருக்கு 5 என்ற எண்ணுள்ள ஊசி பொதுவானது. 6 அதைவிடச் செறிவானது. காற்று வடிகட்டியையோ சைலன்சரையோ மாற்றியவர்களுக்கே பெரும்பாலும் இந்தத் தேவை எழுகிறது. புகைக்குழாயில் ஆக்சிஜன் உணரி ஒன்றைப் பொருத்தி, ஓட்டும்போதே விகிதத்தைக் காணும் வசதி இன்று எளிதாகக் கிடைப்பதால், பிளக்கின் நிறத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டிய நிலை மாறியிருக்கிறது.

இன்றைய எரிபொருள் இந்தப் பணியை இன்னும் இன்றியமையாததாக்கியிருக்கிறது. எத்தனால் முழுமையாக எரிய அதன் எடையைப் போல் 9 மடங்கு காற்றே போதும் என்பதால், 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தேவையான விகிதம் 14.1 ஆகவும், 20 விழுக்காடு கலந்ததற்கு 13.5 ஆகவும் குறைகிறது. பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் 10 விழுக்காட்டுக் கலவை சாதாரண பெட்ரோலாயிற்று. இந்தியாவில் 2025-இல் 20 விழுக்காட்டுக் கலவை நாடெங்கும் பரவியது. தூய பெட்ரோலுக்கு அளந்து வைத்த கார்புரேட்டர், இந்த இரண்டாம் கலவையில் ஏறத்தாழ 8 விழுக்காடு மெலிந்து ஓடுகிறது. மெலிந்த கலவை நீண்ட நேரம் உயர்வேகத்தில் எரிந்தால் வெளியேற்ற வால்வுகள் சூடேறிக் கருகும். எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களையும் ஃப்ளோட் கிண்ணத்தின் வாஷர்களையும் ஊறவைத்துச் சிதைப்பதால், அவற்றை எத்தனாலைத் தாங்கும் பொருளில் மாற்றுவது தீ விபத்தைத் தவிர்க்கவும் வேண்டியதாகிறது.

ஆகவே பழைய கார் வைத்திருப்போர் பெரிய கார்புரேட்டருக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன், இருக்கும் கார்புரேட்டரின் ஸ்பிண்டில், ஊசி, ஜெட், குழாய்கள் ஆகியவற்றைப் புதிதாக்கி, முறைப்படி சீரமைத்துச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்க வேண்டும். பி-வரிசை எஞ்சினைப் பொறுத்தவரை, சாலையில் ஓட்டுவோரில் மிகப் பெரும்பாலோருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படுவதில்லை.